சொன்னதைச் சொன்னபடி சொல்ல

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் கற்பது பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நான் ஆங்கில ஆசிரியை அல்ல. இந்தப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படித்து, ஆங்கிலத்தில் மருத்துவம் கற்று, முதலில் இங்கும் இப்போது இங்கிலாந்திலும் நோயாளரைப் பார்த்துவரும் வைத்தியர். ஆகவே என் தொழிலில் நாளாந்தம் கைகொடுக்கும் இரண்டு பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அயற்கூற்று. மற்றது பிரேசல் வேர்ப் எனப்படும் கூட்டு வினைகள்.

இலங்கையில் நோயாளி தமிழில் சொல்வதை வைத்தியர் ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவார். "நேற்றோட குளிசையை நிப்பாட்டிப்போட்டன்" என்று ஓர் அம்மா திங்கட்கிழமை சொல்கிறார் என்று வையுங்கள். தமிழில் அவர் சொன்னதை அப்படியே வைத்து, கடைசியில் "எண்டு சொன்னா" என்று சேர்த்தால் போதும். ஆங்கிலம் அப்படி விடாது. "ஐ" என்பது "ஷீ" ஆகும். "ஸ்ரொப்ட்" என்பது "ஹாட் ஸ்ரொப்ட்" ஆகும். "யெஸ்ரடே" என்பது "த டே பிஃபோர்" ஆகும். இந்த விதி எதற்கு? அந்தக் குறிப்பைப் புதன்கிழமை வாசிக்கும் வைத்தியரை நினைத்துப் பாருங்கள். "நேற்று" என்று மட்டும் இருந்தால் அவர் செவ்வாய்க்கிழமை என்று எடுக்கக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த குளிசை என்றால், சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது அந்தக் கணக்குப் பிழைக்கக்கூடாது.

காலத்தை எப்போதும் பின்தள்ளவேண்டும் என்றும் இல்லை. பெனிசிலின் தனக்கு ஒவ்வாது என்று ஒருவர் சொன்னால் அது இன்றும் உண்மை. அங்கே "வோஸ்" போடாமல் "இஸ்" என்றே வைத்திருக்க ஆங்கில இலக்கணம் இடம் தருகிறது. "சொன்னார்" என்பதற்கு எந்த வினையைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். "நான் குடிப்பதில்லை" என்று ஒருவர் சொன்னதை "டினைஸ்" என்று எழுதுவது வைத்தியர்களின் நெடுநாள் வழக்கம். "மறுக்கிறார்" என்றதும் அவர்மீது ஒரு சந்தேகம் விழுகிறது. "செட்" என்றாலே போதும்.

இங்கிலாந்தில் என்னிடம் ஒரு மூதாட்டி பேத்தியுடன் வந்தார். "படி ஏறினா நெஞ்சை இறுக்குது பிள்ளை, இருந்தா விட்டிடும். பெரிசா ஒண்டுமில்லை" என்றார். பேத்தி ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: அம்மம்மாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லையாம். பிள்ளை பொய் சொல்லவில்லை; கடைசி வசனத்தை மட்டும் சொன்னாள். ஆனால் ஏறும்போது இறுகுவதும் ஓய்ந்தால் விடுவதும் இருதயத்துக்குப் போதிய இரத்தம் போகவில்லை என்பதற்கான அறிகுறி. எனக்குத் தமிழ் விளங்கியதால் அது தப்பவில்லை. தமிழ் தெரியாத வைத்தியர் முன்னால் அம்மம்மாவின் உயிர் பேத்தியின் அயற்கூற்றில்தான் தங்கியிருந்திருக்கும்.

இனிக் கூட்டு வினைகள். கைவிடு, கைகூடு, கைமாறு: சேரும் வினை மாறத் தமிழில் கருத்தே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொல் அந்த வேலையைச் செய்கிறது. உப்பை "கட் டவுன்" என்றால் குறைக்கவேண்டும். "கட் அவுட்" என்றால் அடியோடு விடவேண்டும். சத்திரசிகிச்சை "புட் ஓஃப்" என்றால் பின்போடப்பட்டது. "கோல்ட் ஓஃப்" என்றால் இனி இல்லை. "வொமிற்", "போஸ்ற்போன்" போன்ற புத்தகச் சொற்கள் எங்களுக்குத் தெரியும். வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்களோ "த்ரோ அப்" என்றும் "புட் ஓஃப்" என்றும்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.

இன்னொன்று. இந்தப் பாடசாலையிலிருந்து "பாஸ் அவுட்" ஆனோம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். அதை இங்கிலாந்தில் ஒரு தாதியிடம் சொன்னால், "விழுந்ததில் அடிபட்டதா?" என்று கேட்பார். அங்கே பேச்சுவழக்கில் அது மயங்கி விழுவது!

தங்கைகளே, பயிற்சிக்குச் செலவு ஒன்றுமில்லை. மூன்று பேராக இருங்கள். ஒருத்தி தன் கதையை ஆங்கிலத்தில் ஐந்து வசனத்தில் சொல்லட்டும். இரண்டாமவள் அதை மூன்றாமவளுக்கு அயற்கூற்றில் சொல்லட்டும். பிறகு முதலாமவள் எது விடுபட்டது, எது கூடியது என்று சொல்லட்டும். கூட்டு வினைகளை அகராதி வரிசையில் மனனம் செய்யவேண்டாம். வைத்தியசாலை, சமையலறை, பேருந்து என்று இடம் இடமாகச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம் எழுதுங்கள். "புட் இற் ஓஃப்" சரி, "புட் ஓஃப் இற்" பிழை. "லுக் ஆஃப்டர் ஹேர்" சரி, "லுக் ஹேர் ஆஃப்டர்" பிழை. இதை விதியாகப் படிப்பதைவிட வாயால் பத்துத் தரம் சொன்னால் நாக்கு பழகிவிடும்.

அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் கணினிக்கும் வாரி வழங்குகிறீர்கள், நன்றி. அதோடு, உலகின் எந்த மூலையில் இருந்தாலும், வாரத்தில் அரை மணித்தியாலம் ஒரு தங்கையுடன் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுங்கள். அவள் பிழை விட்டால் சிரிக்காமல் முழுவதையும் கேளுங்கள். கேட்டதை அவளுக்கே திருப்பிச் சொல்லுங்கள். நாளை ஒரு நோயாளிக்காகவோ தன் சொந்த அம்மம்மாவுக்காகவோ அவள் வாய்திறக்கும்போது, சொன்னது குறையாமல் போய்ச் சேரவேண்டும்.