சேர்ந்து ஓடும் பிள்ளைகள்

மகாசிவராத்திரியையொட்டி முஞ்சிறைத் திருமலையில் தொடங்கும் சிவாலய ஓட்டம், பன்னிரு தலங்களைக் கடந்து, கருங்கல் அருகிலுள்ள திருநட்டாலத்தில் நிறைவுறுகிறது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர்! பனையோலை விசிறியேந்தி, 'கோவிந்தா, கோபாலா' என முழங்கிச் செல்லும் அடியாருள் சிறுவரும் உளர். கால் ஓய்ந்தவனை மூத்தோர் கைதாங்குவர். வழியில் வீட்டார் மோரும் பானகமும் அளிப்பர். துணிவை நிரூபித்துக் காட்டு என்று அங்கே எவனையும் எவரும் கேட்பதில்லை.

இணையத்தில் முகமறியாதார் நடத்தும் குழுக்களோ அதையே கேட்கின்றன. 2017ஆம் ஆண்டில் நீலத் திமிங்கல விபரீதம் குறித்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமாகவே முன்வந்து விசாரித்தது. தனித்திருக்கும் பிள்ளையே அத்தகையோர்க்கு எளிய இரை. கைப்பேசியைப் பறித்தால் தனிமை தீருமா? விரதமிருக்கும் மாமனோ அண்ணனோ, கதவடைத்திருக்கும் பிள்ளையிடம், 'நீயும் வருகிறாயா?' என்று கேட்கலாம். விசிறி ஒன்று கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவே.