தங்கச்சிக்கு ஒரு பாட்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'எனக்குப் பிடித்த பாட்டு' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். ஏதாவது சினிமாப் பாட்டைச் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு சைக்கிள் பாட்டு. புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் உழைத்த முத்துபாஸ்கரன் எழுதியது.

எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையில் நம் புதுவையிலும் அறிவொளி இயக்கம் நடந்தது. வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் மூத்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கலாம். 1991 வாக்கில் அது புதுக்கோட்டைக்குப் போனது. அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தர வேண்டும் என்றார். நினைத்த இடத்துக்குத் தானாகப் போக முடியாத பெண்ணுக்குத் தன்மேல் நம்பிக்கை எப்படி வரும் என்பதுதான் கணக்கு. சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளையும் நெருக்கினார்.

அப்போது பிறந்ததுதான் இந்தப் பாட்டு. கிராமத்து மெட்டில், சைக்கிள் கத்துக்கோ என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற பாட்டு. பெண் விடுதலையைப் பற்றி நம்மிடம் பாட்டுக்குக் குறைவில்லை. பெண்ணைத் தெய்வம் என்று கும்பிடுகிற பாட்டு உண்டு, ஐயோ பாவம் என்று அழுகிற பாட்டும் உண்டு. இரண்டையும் கேட்டு முடித்த பிறகு அந்தப் பெண் என்ன செய்வாள்? பழையபடி அடுப்படிக்குத்தான் போவாள். முத்துபாஸ்கரன் பாட்டு அவளுக்கு நாளைக் காலையே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்கிறது. கேட்டவள் ஹாண்டில்பாரைப் பிடித்தாளா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பொறியாளன் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

பிடித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம நர்சுகள், பள்ளி ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கேலிப் பேச்சு இல்லாமல் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதும் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். ஸீட்டிலிருந்து ஹாண்டில்பார் வரை போகும் அந்தக் கம்பி இருக்கிறதே, அது பெண்ணுக்கு இடைஞ்சல் என்றுதானே லேடீஸ் சைக்கிளில் எடுத்துவிட்டார்கள்? சில பெண்களோ, அந்தக் கம்பி இருந்தால்தான் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்றார்கள்! ஒரு டிசைன் சரியா என்பதை உபயோகிப்பவர்தான் சொல்ல வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தருவார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிற்காலத்தில் இதற்குப் புள்ளிவிவரமும் வந்தது. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஆக, 'பெண்ணுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி, வெறும் கிலோமீட்டர் கணக்கு.

பாராட்டு பேச வந்தவன் ஒரு குறையும் சொல்கிறேன், மன்னிக்கணும். சைக்கிள் வந்ததும் புதுக்கோட்டைப் பெண்கள் தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததை விற்க என்று எல்லாவற்றுக்கும் அதையே மிதித்தார்கள். நேரம் மிச்சமானது, வாஸ்தவம். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்து நிற்பது போனது. ஆனால் வேலை பங்கு போடப்பட்டதா? பாட்டு கூப்பிட்டது தங்கச்சியை மட்டும்தானே! அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

இன்று வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் நம் தங்கைகள் ஸ்கூட்டரில் காலேஜுக்கு வருகிறார்கள். சந்தோஷம். கொஞ்சம் இந்த ஹாலைப் பாருங்கள். நம்மோடு சரிசமமாகப் படித்த பெண்கள் எத்தனை பேர் இன்று வந்திருக்கிறார்கள்? வண்டி ஓட்டத் தெரியாததாலா வரவில்லை? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை யார் பார்ப்பது, பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியில் நின்றுபோனவர்கள்தான் அநேகம் என்று நினைக்கிறேன். வேலைக்கும் இதே கதைதான். கேம்பஸ் இன்டர்வியூவில் தேறிய பெண்ணை, 'சென்னையா, அவ்வளவு தூரமா?' என்று கேட்டு நிறுத்துகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. பையனுக்கு மட்டும் பெங்களூர் பக்கம்!

முத்துபாஸ்கரன் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணனுக்கான பாட்டு இன்னும் பாக்கி. அதுவும் இதே மாதிரி, நாளைக் காலையே செய்யக்கூடியதாக இருக்கட்டும். குடத்தை எடு, குழந்தையைக் குளிப்பாட்டு, அடுப்பைப் பற்ற வை என்று சொல்லட்டும். தம்பிகளே, உங்களில் மெட்டுப் போடத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அடுத்த சந்திப்பில் அதைப் பாடிக் காட்டுங்கள். அதைக் கேட்க நம் வகுப்புத் தோழிகள் எல்லோரும் வந்திருக்க வேண்டும்.