கொப்பியின் பின்பக்கம்: 2005 ஆழிப்பேரலைப் பொதுக்கட்டமைப்பு குறித்து

(பஹ்ரைனின் குதைபியாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அவரை இங்கே எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் 'நானா'. மருதமுனைக்காரர். நெசவுக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்து, குதைபியாவின் ஒரு குறுக்குச் சந்தில் தையல் கடை வைத்திருந்தார். அவரைப் புகழ்வதைவிட அவருடைய கொப்பியைப் பற்றிச் சொல்வதுதான் இன்றைய பேச்சுக்குப் பொருத்தம்.

சட்டை அளவு எழுதுகிற நீட்டுக் கொப்பி அது. முன்பக்கத்தில் தோள், கை, நெஞ்சு என்று அங்குலக் கணக்கு. கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிரித்தால் சுனாமிக் கணக்கு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியபோது அங்கே காலை ஒன்பது மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே இன்னும் ஆறாகவில்லை. நாங்கள் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றோம். விஷயம் தெரிந்தபோது ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. அன்று மாலையே நானா கொப்பியைத் திருப்பிவிட்டார். ஐந்து தினார், இரண்டு தினார், ஐந்நூறு ஃபில்ஸ். கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு, மாத்தறை, நாகப்பட்டினம் என்று பெயருக்கு நேரே ஊர். அவருடைய சொந்தக்காரர் யார் இருக்கிறார், யார் இல்லை என்று அவருக்கே அப்போது தெரியாது.

காசு மூன்று நாளில் சேர்ந்துவிட்டது. அதை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்க மூன்று கிழமை பிடித்தது.

வன்னிக் கரையில் இறங்கி வேலை செய்வது புலிகளோடு சேர்ந்த தமிழர் புனர்வாழ்வுக் கழகம்தான், அவர்களிடம் கொடுப்போம் என்றார்கள் சிலர். '1990-இல் புலிகள் செய்ததை மறந்துவிட்டா கொடுக்கச் சொல்கிறீர்கள்?' என்று ஒரு காத்தான்குடித் தம்பி எழும்பினார். மாத்தறைத் தம்பி, அரசாங்க நிதிக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போகும்தானே என்றார். அவரைத் தவிர வேறு யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இரவு கடை பூட்டும்வரை இதே பேச்சு. கடைசியில் காசு மூன்று கவர்களில் மூன்று திசைக்குப் போனது. நானா கொப்பியில் கோடு கிழித்து மூன்று தொகையையும் எழுதினார். கூட்டுத்தொகை எழுதவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுனாமி உதவியைச் சேர்ந்து பகிர அரசும் புலிகளும் 2005-இல் ஒப்பந்தம் செய்த பொதுக்கட்டமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஜனாதிபதி சந்திரிகா ஏமாற்றினார், புலிகள் குழப்பினார்கள், ஜே.வி.பி. கெடுத்தது, நடுவே நின்ற நோர்வே சூழ்ச்சி செய்தது என்று விரல் நீட்டித்தான் தொடங்குவார்கள். ஒரு தையல் கடைக்குள்ளேயே நம்மால் ஒரு கவரில் போட முடியவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பேச்சு கொஞ்சம் நேர்மையாக இருக்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் 30,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேல். அதில் பெரும்பகுதி முஸ்லிம்கள். முல்லைத்தீவுக் கரை ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்பட்டது. 2002 பெப்ரவரி 22-ஆம் தேதி கையெழுத்தான போர்நிறுத்தம் பெயரளவில் நீடித்தது. பேச்சுவார்த்தை 2003-இலேயே நின்றுபோயிருந்தது. கரையோரத்தின் ஒரு பகுதி அரசின் கையில், ஒரு பகுதி புலிகளின் கையில், சில இடங்களில் பகலில் ஒருவர், இரவில் ஒருவர். உலகம் முழுவதும் பணத்தோடு வந்து நிற்கிறது. யார் கணக்கில் போடுவது? நானாவின் கடைக் கேள்விதான்.

கொடையாளர் நாடுகள் அப்போது புதிதாக வந்தவை அல்ல. 2003 ஜூனில் டோக்கியோவில் அமெரிக்கா, ஜப்பான், நோர்வே, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை இணைத்தலைமை ஏற்று நடத்திய மாநாட்டில் 450 கோடி டாலர் வாக்களிக்கப்பட்டது. சமாதானம் எந்த அளவுக்கு நகர்கிறதோ அந்த அளவுக்குத்தான் பணம் என்பது நிபந்தனை. புலிகள் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. அதற்கு முன் ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்க முடியவில்லை. காரணம், 1997 முதல் அவர்கள் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு தரப்போடு சமாதானம் பேசு என்று சொல்கிற நாட்டுக்குள் அந்தத் தரப்பு காலெடுத்து வைக்க முடியாது. இந்த முரண் இரண்டு வருடம் கழித்துப் பொதுக்கட்டமைப்பிலும் வந்து நின்றது.

கடல்கோளுக்குப் பிறகு இணைத்தலைமை நாடுகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: புலிகளோடு சேர்ந்து ஒரு பொறிமுறை அமையுங்கள், உதவி எல்லாக் கரைக்கும் போகட்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தெற்கில் அது வேறு மாதிரிக் கேட்டது. உலக வங்கியின் கொழும்புப் பணிப்பாளர் பீற்றர் ஹரோல்ட், புலிகளின் பகுதியை அங்கீகாரமில்லாத ஓர் அரசு என்ற பொருள்படப் பத்திரிகையொன்றில் பேசிவிட, விளக்கம் சொல்லியே அவர் களைத்துப்போனார். கோஃபி அன்னான் சனவரியில் வந்தபோது அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் பார்த்தார். முல்லைத்தீவுக்குப் போக அரசு விடவில்லை. உதவி செய்ய வந்தவரின் கார் எந்தப் பாதையில் போகிறது என்பதே அரசியலான காலம் அது.

மே மாதம் 16, 17-ஆம் தேதிகளில் கண்டியில் அபிவிருத்தி மன்றம் கூடியது. சனவரியில் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானும் சேர்ந்து போட்ட மதிப்பீட்டின்படி மீளமைப்புக்குத் தேவை ஏறத்தாழ 150 கோடி டாலர். கண்டியில் வாக்களிக்கப்பட்டதோ 300 கோடியை ஒட்டி. பொறிமுறையில் கையெழுத்து விழுவதற்கு ஒரு மாதம் முன்பே இது. சந்தையில் சாமான் வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும், காசை முதலில் நீட்டிவிட்டு விலை பேச முடியாது. இதற்கு மேல் தொண்டு நிறுவனங்கள் வழியே தனியாகப் பெருவெள்ளம் போல் பணம். 'கொடையாளர் அழுத்தம்' என்று இரு பக்கமும் பெரிதாகப் பேசிய அந்த அழுத்தம், கிட்டப் போய்ப் பார்த்தால் பல்லில்லாதது. சத்தம் மட்டும் கடித்தது போலக் கேட்டது. அந்தச் சத்தம் யாருக்கு உதவியது? நாட்டை வெளிநாட்டான் விற்கச் சொல்கிறான் என்று மேடையில் முழங்கியவர்களுக்கு.

ஜூனில் எல்லாம் ஒன்றாக வெடித்தது. சிங்களப் பௌத்தக் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவின் ஓமல்பே சோபித தேரர் பொதுக்கட்டமைப்பை எதிர்த்துக் கண்டியில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். 39 உறுப்பினர்களோடு ஆட்சியைத் தாங்கிய ஜே.வி.பி. அதே காரணத்தால் ஜூன் 16-இல் வெளியேறியது. ஜூன் 24-இல் சிறுபான்மை அரசாகிப்போன நிலையில் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்து விழுந்தது. ஜனாதிபதியும் பிரபாகரனும் கைகுலுக்கியதாக நினைக்காதீர்கள். அரசு சார்பில் ஓர் அமைச்சின் செயலாளர், புலிகள் சார்பில் அவர்களது திட்டமிடல் அபிவிருத்திச் செயலகத்தின் ஒருவர். ஒருவர் கொழும்பில், மற்றவர் கிளிநொச்சியில். காகிதம் நோர்வேக்காரர் கையில் பயணம் செய்தது.

அந்தக் காகிதத்தில் இருந்ததை நிதானமாகப் பார்க்கவேண்டும். கடலிலிருந்து 2 கிலோமீட்டர் வரையான நிலம்தான் எல்லை. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று ஆறு மாவட்டம். மூன்று படிகள். மேலே உயர்மட்டக் குழு: அரசு, புலிகள், முஸ்லிம் கட்சிகள் எனத் தரப்புக்கு ஒருவர். நடுவே பிராந்தியக் குழு: பத்துப் பேர், புலிகள் ஐவர், முஸ்லிம்கள் மூவர், அரசு இருவர், இருக்கை கிளிநொச்சி. கீழே மாவட்டக் குழுக்கள். கூடவே ஒரு பிராந்திய நிதியம். வெளிநாட்டுப் பணத்துக்கு உலக வங்கி காவலர்.

மூன்று தரப்புக்கு நாற்காலி இருக்கிறது, பார்த்தீர்களா? கையெழுத்துப் போட்டதோ இரண்டு தரப்பு. அதிகம் பேர் இறந்த மாவட்டத்தின் மக்களுக்கு மூன்று நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அவர்களிடம் பேனாவைக் கொடுக்கவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கண்டித்தார், கல்முனைப் பக்கம் கடையடைப்புப் பேச்சு எழுந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் பலவற்றுக்கு அது ஓர் ஓரச் செய்தி. இதை நான் தமிழனாக நின்று சொல்கிறேன்: 1990 ஒகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டதையும், அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் கட்டிய துணியோடு அனுப்பப்பட்டதையும் அனுபவித்த சமூகம், ஐந்துக்கு மூன்று என்ற குழுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரும் என்று எதிர்பார்த்தது நம் தலைக்கனம். இணைத்தலைமை நாடுகளும் அதைச் சரிசெய்யவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் இருவரைச் சேர்த்துவைப்பதுதான் சமாதானம் என்று அவர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

சரி, நிதியத்தில் யார் பணம் போட்டது? அமெரிக்கா பொதுக்கட்டமைப்பை வரவேற்றது. தன் சட்டம் இடங்கொடுக்காததால் நிதியத்தில் நேரடியாகப் பணம் போடமாட்டேன் என்றது. அதாவது: கொழும்பே, நீ அவர்களோடு ஒரு பெட்டியில் கை வை; என் கை மட்டும் வராது. தெற்கில் ஒரு சாதாரணச் சிங்களக் குடும்பத் தலைவன் இதைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

ஜே.வி.பி. உறுப்பினர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு ஜூலை 15-இல் இடைக்கால உத்தரவு கொடுத்தது. ஒப்பந்தம் செய்ததையே நீதிமன்றம் தவறு என்று சொல்லவில்லை. பிராந்திய நிதியத்தையும், குழுவின் இருக்கை கிளிநொச்சியில் இருப்பதையும், குழுவின் சில அதிகாரங்களையும் தடுத்தது. உடல் இருக்கட்டும், இரத்தம் ஓடவேண்டாம் என்பது போல. பொதுப் பணத்துக்கு நாடாளுமன்றக் கட்டுப்பாடும் கணக்காய்வும் வேண்டும் என்ற வாதம் தன்னளவில் சரியானதே. அதே வருடம் பிரதமர் மகிந்த ராஜபக்சவின் நிவாரண நிதிப் பணம் 'அம்பாந்தோட்டைக்கு உதவி' என்ற தனிக் கணக்குக்குப் போன விவகாரமும் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை நிறுத்தப்பட்டது. பல வருடம் கழித்து அந்த நீதியரசரே அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். கணக்குக் கேட்கும் கண்ணாடி எந்தத் திசைக்குத் திருப்பப்பட்டது என்பதையும் வரலாறு எழுதிவைக்கவேண்டும்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஒகஸ்ட் 12-இல் வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். பொதுக்கட்டமைப்பைக் கைவிடுவேன் என்று ஜே.வி.பி.யோடு உடன்பாடு செய்துகொண்ட மகிந்த ராஜபக்ச நவம்பர் 17-இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். புலிகளின் பிரதேசத்தில் மக்கள் வாக்களிக்க விடப்படவில்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் புலிகளைத் தடைசெய்தது. பொறிமுறை ஒருநாளும் வேலை செய்யவில்லை.

அதே சுனாமியில் அடிபட்ட இந்தோனேசியாவின் அச்சேயைக் காட்டி, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். 2005 ஒகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் அச்சே விடுதலை இயக்கமும் உடன்பட்டன. அங்கே இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டது, அரசு சுயாட்சி கொடுத்தது. அரசியல் முதலில் முடிந்தது, காசுப் பங்கீடு அதற்குள் அடங்கியது. நம்மிடம் காசைப் பங்கிட்டால் அரசியல் தானாக வரும் என்றார்கள். வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டிவிட்டு, மாட்டைக் குறை சொன்னார்கள்.

வளைகுடாவில் இருக்கிற நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் பணத்தில், அப்பகுதி முஸ்லிம் குடும்பங்களுக்கென்று 500 வீடுகள் கட்டப்பட்டன. யாரும் யாரையும் அழுத்தவில்லை. புலி இல்லை, நோர்வே இல்லை. நிலம் தீகவாபி விகாரைக்குச் சேர்ந்தது என்ற வழக்கு வந்தது. வீடுகளை இனவிகிதப்படி பகிரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வீடுகள் சாவி கொடுக்கப்படாமல், வருடக்கணக்கில் சுவரில் செடி முளைத்து, கதவு நிலை பெயர்ந்து கிடந்தன. அரசன் கொடுத்தாலும் அயலான் கொடுத்தாலும், யாருக்கு என்ற இடத்தில் வந்துதான் நாடு முடங்கியது.

என் வாதம் இதுதான். உதவியைப் பகிரச் சொன்னது தவறில்லை. சொன்னவர்கள் தம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்கள். பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டுச் சொன்னார்கள். அதிகம் இழந்தவர்களைக் கேட்காமல் சொன்னார்கள். அதைவிட, அவர்கள் சொல்லத் தொடங்கியபோது காலம் போய்விட்டது. முதல் பத்து நாளில் அம்பாறையின் உட்பகுதிச் சிங்களக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பார்சல் டிராக்டரில் கரைக்கு வந்தது. கரையில் சொந்தங்களைக் கொண்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். பொதுக்கட்டமைப்பு அந்தப் பார்சலோடு வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஆறு மாதம் கழித்துக் காகிதமாக வந்தது.

நானாவின் கொப்பி இப்போது அவருடைய மகளிடம் மருதமுனையில் இருக்கிறது. அதன் நகல் அறக்கட்டளையிடம் உண்டு. அன்று குதைபியாவிலும் முஹர்ரக்கிலும் துபாயிலும் தோகாவிலும் இப்படி எத்தனையோ கொப்பிகள் எழுதப்பட்டன. இந்த விவகாரத்தின் அரசாங்கக் காகிதங்கள் மட்டும் பாதுகாக்கப்பட்டால் போதாது. உங்கள் வீட்டில் பழைய ரசீது, பெயர்ப்பட்டியல், கொள்கலனில் ஏற்றிய சாமான் சிட்டை எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.