இ.எம்.ஐ. போடுறதுக்கு முன்னாடி தர்மபுரி போயிட்டு வாங்க

வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆனதும் நிறைய பேர் புது மிரர்லெஸ் கேமராவுக்கு இ.எம்.ஐ. போட்டுடுறாங்க. அப்புறம் மாசாமாசம் தவணை கட்டவே சரியா இருக்கு, படம் எடுக்க வெளியூர் போகக் காசு மிஞ்சுறதில்லை. அதனால இன்னைக்கு ஒரே கேள்வி: குறைஞ்ச பட்ஜெட்டை எதுல போடணும், பாடியிலயா, லென்ஸிலயா?

இதைப் புரிஞ்சுக்க தர்மபுரி மாவட்டம் நல்ல இடம். அங்கே நேர் எதிரான ரெண்டு சப்ஜெக்ட் இருக்கு: நடுகல், ஒகேனக்கல்.

முதல்ல நடுகல். மாடுகளை மீட்கப் போய் சண்டையில் உயிரை விட்ட வீரர்களுக்கு நட்ட கல். ஆயுதத்தோட ஆள் உருவம், சில கல்லில் வட்டெழுத்து. தர்மபுரி டவுன் அகழ்வைப்பகத்திலேயே பல நடுகற்களைப் பார்க்கலாம். செதுக்கல் ஆழம் குறைவு. வெளிச்சம் நேர் எதிரே இருந்து பட்டா நிழலே விழாது, அதனால எவ்வளவு விலை கேமராவா இருந்தாலும் எழுத்து தெரியாது. திறந்த வெளியில் நிற்கிற கல்லுன்னா, காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் படுற நேரத்தில் போங்க. ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். கல் அசையாது. டிரைபாட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, 2 செகண்ட் டைமர். இதுக்குக் கூடவே வர்ற 18-55 கிட் லென்ஸே தாராளம்.

கட்டடத்துக்குள்ள, டிரைபாட் வைக்க முடியாத இடத்தில்தான் கணக்கு மாறுது. கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6 வரைக்கும்தான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். 1/10 செகண்டில் கலங்கிப்போற படம் 1/100-ல் நிற்கும். இந்த வித்தியாசத்தைப் புது பாடி வாங்கி ஈடுகட்டுறது செலவு அதிகமான வழி.

அடுத்து ஒகேனக்கல். பரிசல், பாறை, சாரல். பட்ஜெட் பாடிகள்ல பெரும்பாலும் தண்ணி புகாத அடைப்பு கிடையாது. அதனால அருவி பக்கத்தில் லென்ஸ் மாத்தாதீங்க, பிளாஸ்டிக் உறை போடுங்க, துடைக்க ரெண்டு துணி வெச்சுக்கோங்க. இங்கே பாடிக்கு ஒரு நியாயம் இருக்கு. ஆனா அதுவும் பழைய பாடியா இருக்கலாம். 2010-ல் வந்த நிக்கான் டி7000-ல் ஓரளவு அடைப்பு உண்டு, 16 மெகாபிக்சல் உண்டு. 12-க்கு 18 இன்ச் பிரிண்ட்டே அழகா வரும். இன்ஸ்டாவுக்குச் சொல்லவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்ல மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, மவுண்ட். கேனான் ஈ.எஃப். லென்ஸ்ல ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், எந்த இ.ஓ.எஸ். டி.எஸ்.எல்.ஆர்.லயும் வேலை செய்யும். நிக்கான்ல டி3000, டி5000 வரிசை பாடிகளுக்கு மோட்டார் கிடையாது. விலை கம்மின்னு 50 எம்.எம். 1.8டி வாங்கி மாட்டினா கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். ஏ.எஃப்-எஸ். 35 எம்.எம். 1.8ஜி வாங்குங்க.

ரெண்டு, பூஞ்சை. லென்ஸுக்குள்ள மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா வேண்டாம்.

மூணு, ஷட்டர் கவுண்ட். டி7000 ஷட்டர் 1,50,000 கிளிக்குக்கு சோதிக்கப்பட்டது. அதை நெருங்கியிருந்தா விலையைக் குறைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

ஒரு முக்கியமான விஷயம். சின்ன சென்சார் பாடியில் 50 எம்.எம். போட்டா, கேனான்ல 80, நிக்கான்ல 75 மாதிரி நெருக்கமாத் தெரியும். போர்ட்ரெய்ட்டுக்கு அருமை, சின்ன ரூமுக்கு இடம் பத்தாது. உங்க படம் எங்கே இருக்குன்னு முடிவு பண்ணிட்டு லென்ஸ் வாங்குங்க.

ஆக, பழைய பாடி, ஒரு நல்ல பிரைம் லென்ஸ், மிச்சக் காசுக்கு பஸ் டிக்கெட். நாலு தடவை காலை வெயிலுக்குப் போய் நின்னா, எந்தக் கேமரா உங்களுக்குப் பத்தலைன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். அப்போ அப்கிரேடு பண்ணுங்க.