விட்ட இடமும் தொட்ட இடமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "என்ன தலைப்பு?" என்று கேட்டேன். "எதை வேணும்னாலும் பேசு, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரு" என்றார். எனவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் விமானி அல்ல. ரசாயன ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளர். விமானத்தில் ஜன்னலோர சீட் கேட்டு வாங்கி உட்காருவதோடு என் விமான ஞானம் சரி. ஆனாலும் கொஞ்ச வருஷங்களாக, விமான விபத்து விசாரணைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் போயிங் கம்பெனியின் 'மாடல் 299' என்ற புது விமானத்தை ராணுவத்துக்காகச் சோதித்தார்கள். ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், கை தேர்ந்த விமானி. மேலே கிளம்பிய விமானம் செங்குத்தாக மூக்கைத் தூக்கியது, விழுந்தது, எரிந்தது. ஹில்லும் போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். காரணம் என்ன? தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டு ஒன்று உண்டு. அதை எடுத்துவிட மறந்துபோனார்கள். அவ்வளவுதான். "இதை ஒரு மனுஷனின் ஞாபகத்தை நம்பி ஓட்ட முடியாது" என்ற முடிவுக்கு வந்து, விமானிகளுக்கென்று சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தார்கள். அதே விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

சரி, செக்லிஸ்ட் வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் கதையே ஆரம்பம்.

1987 ஆகஸ்ட் 16, டெட்ராய்ட் நகரம். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 255ஆம் எண் விமானம், எம்.டி.-82 ரகம். இறக்கைகளில் ஃப்ளாப், ஸ்லாட் என்று நீட்டி மடக்கும் பாகங்கள் உண்டு. விமானம் குறைந்த வேகத்தில் எழும்ப அவை நீண்டிருக்க வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரத்தில் அவற்றை நீட்டி, பட்டியலைப் படித்துச் சரிபார்ப்பது வழக்கம். அன்றைக்கு அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து "ஓடுபாதை மாறிவிட்டது" என்று தகவல் வந்தது. உடனே புது ஓடுபாதைக்கு நம் எடை சரிப்படுமா, வானிலை என்ன, எந்த வழியாகத் திரும்புவது என்று அடுக்கடுக்காக வேலை. திரும்ப வேண்டிய இடத்தைக்கூடத் தவறவிட்டார்கள். பட்டியல் படிக்கப்படவேயில்லை. எச்சரிக்கை ஒலிக்கும் கருவிக்கு மின்சாரம் போகாததால் அதுவும் வாய் திறக்கவில்லை. கிளம்பிய சில விநாடிகளில் விமானம் விழுந்தது. விமானத்தில் 154 பேரும் தரையில் 2 பேரும் இறந்தார்கள். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள்.

"அஜாக்கிரதை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்ததையும் கேளுங்கள்.

2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பான்ஏர் நிறுவனத்தின் 5022ஆம் எண் விமானம். அதே எம்.டி.-82 ரகம். முதல் தடவை ஓடுபாதைக்குப் போனபோது ஃப்ளாப்பைச் சரியாக 11 டிகிரிக்கு இறக்கியிருந்தார்கள். இதை விமானத்தின் பதிவுக் கருவியே சொல்கிறது. ஆனால் வெப்பநிலை காட்டும் கருவி ஒன்றில் கோளாறு. திரும்பி வந்தார்கள், மெக்கானிக் பார்த்தார், தாமதமானது. மறுபடி கிளம்பும்போது எல்லாம் முதலிலிருந்து. என்ஜின் கிளப்பிய பிறகு படிக்கும் பட்டியலில் கடைசி அம்சம் ஃப்ளாப். சரியாக அந்த இடத்தில் கேப்டன், "நகர அனுமதி கேள்" என்று துணை விமானியிடம் சொன்னார். அவர் ரேடியோவுக்குத் திரும்பினார். அந்த ஒரு வரி நின்றுபோனது.

அதன் பிறகுதான் மிக முக்கியமான கட்டம். புறப்படுவதற்கு முன் கடைசிச் சரிபார்ப்பில் துணை விமானி "11" என்று வாயால் சொல்லியிருக்கிறார். ஆனால் ஃப்ளாப் 11இல் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. தினமும் அங்கே 11தான் இருக்கும். கண் பார்ப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. அன்றும் எச்சரிக்கை ஒலி எழவில்லை. 154 பேர் இறந்தார்கள், 18 பேர் பிழைத்தார்கள். இருபத்தோரு வருஷ இடைவெளி, வேறு நாடு, வேறு கம்பெனி. ஆனால் அதே ரக விமானம், அதே தவறு.

இதற்கு விளக்கம் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. அம்மா குழம்பு வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுகிறார். ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, "உப்புப் போட்டேனா, போடலையா?" நேற்றுப் போட்டது, முந்தாநாள் போட்டது எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. இன்றைக்குப் போட்டதா என்பதுதான் தெரியவில்லை. பழகிய வேலையில் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கை பிடித்து அழைத்துக்கொண்டு போகும். நடுவில் யாராவது கையை விலக்கிவிட்டால், விட்ட இடம் ஒன்று, நாம் திரும்ப வந்து தொடும் இடம் வேறு. அம்மாவாவது ருசி பார்த்துவிடலாம். விமானத்தை ருசி பார்க்க முடியாது.

நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் கீ டிஸ்மூக்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் விமானி அறையிலேயே உட்கார்ந்து இதைக் கவனித்தார்கள். கையேட்டில் வேலை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போகிறது. நிஜத்தில் ரேடியோ, மெக்கானிக், பணிப்பெண், தாமதம் என்று நாலா பக்கமும் குறுக்கீடு. குறை கையேட்டைப் படித்தவரிடம் மட்டும் இல்லை என்பது அவர்கள் கண்டது. அமெரிக்காவில் 1981இலேயே ஒரு விதி வந்துவிட்டது: 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் தேவையற்ற பேச்சோ வேலையோ கூடாது. நல்ல விதி. ஆனால் டெட்ராய்ட்டிலும் மாட்ரிட்டிலும் குறுக்கே வந்தது வெட்டிப் பேச்சு மட்டுமல்ல, வேலையும்தான்! அவசியமான இன்னொரு வேலை.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். சுடுதண்ணீர் பம்ப் ஒன்றைச் சுத்தம் செய்து மறுபடி ஓட விட வேண்டும். கையில் ஒன்பது வரி கொண்ட தாள். நாலாவது வரி, அடியில் உள்ள டிரெயின் வால்வை மூடுவது. அதற்குக் குனியப் போனபோது இன்டர்காம் அடித்தது. மேலதிகாரி. "எத்தனை மணிக்கு லைன்ல வரும்?" பதில் சொல்லிவிட்டு வந்தேன். நாலுக்கு டிக் போட்டேன், ஐந்துக்குப் போனேன். தண்ணீரைத் திறந்ததும் அடியிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பீறிட்டு, பக்கத்தில் நின்ற ஹெல்பரின் வலது கால் வெந்துபோனது. விசாரணையில் "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "சார், நீங்க டிக் போட்டதை நான் பார்த்தேன். அதனாலதான் கிட்ட வந்து நின்னேன்."

அன்றைக்குப் புரிந்தது. டிக் என்பது தாளில் போடும் கோடு இல்லை. இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை நம்பி ஒருவர் நிற்கிறார், இருநூறு பேர் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் விமான விபத்துகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

தம்பி தங்கைகளே, நான் கற்றுக்கொண்டது மூன்றே விஷயம். ஒன்று, நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்தைத் தேடாதீர்கள், முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிஷம்தான் கூட ஆகும். இரண்டு, கண்ணால் பாருங்கள், முடிந்தால் கையால் தொடுங்கள், அதன் பிறகு வாய் திறங்கள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறோமே, அது மாதிரி.

மூன்றாவது, என் வயசு நண்பர்களுக்கு. நாம் இப்போது இன்டர்காமின் மறுமுனைக்கு வந்துவிட்டோம். கேள்வி கேட்பவர்கள் நாம்தான். நான் இப்போது களத்தில் இருக்கும் பையனைக் கூப்பிட்டால் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "கையில செக்லிஸ்ட் இருக்கா?" "இருக்கு சார்" என்றால், "முடிச்சிட்டு நீயே கூப்பிடு" என்று வைத்துவிடுவேன். என்னுடைய அவசரம் பத்து நிமிஷம் காத்திருக்கும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.