எழுத உட்காருங்கள்



"எழுத ஆசைதான் சார், ஆனா வரமாட்டேங்குது" என்று நம் குடியிருப்பிலேயே பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் மூன்றுதான்.

முதலாவது, நடை பற்றிய பயம். மேடைத் தமிழ் தேவையில்லை. கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கரிசல் காட்டுப் பேச்சுமொழியில் எழுதித்தான் 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். நீங்களும் வீட்டில் பேசுவதுபோல எழுதுங்கள்.

இரண்டாவது, நேரம். வங்கியில் அன்றன்றைய கணக்கை அன்றன்றே முடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். அதுபோல தினமும் கால் மணி நேரம், அரைப் பக்கம் போதும்.

மூன்றாவது, எழுதும்போதே திருத்துவது. முதல் வரியையே பத்து முறை அடித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது வரி வராது. கடைசிவரை எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தைத் திருத்துங்கள்.

என்ன எழுதுவது என்கிறீர்களா? உங்கள் அம்மா பிறந்த ஊர், அந்த வீட்டு அடுப்பங்கரை, அங்கே புழங்கிய சொற்கள். பேரப்பிள்ளைகள் கேட்கிற வயதுக்கு வரும்போது சொல்வதற்கு நாம் இருப்போமோ, என்னவோ. எழுதி வைத்தால் அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

இன்றிரவே பழைய டைரி ஒன்றை எடுத்து அரைப் பக்கம் எழுதுங்கள். அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.