பந்தைத் தொட்டார்கள், தலைமையைத் தரவில்லை

தோழர்களே, திறமை இருந்தால் சாதி தடையாகாது என்பவர்களிடம் பல்வங்கர் பாலுவைப் பற்றிக் கேளுங்கள். புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளம் பராமரித்த தலித் தொழிலாளி அவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். வெற்றிக்காக இந்துக்களின் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளை. நாம் அறிந்த அதே இரட்டைக் குவளை!

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பம்பாய்ப் போட்டிகளில் ஆண்டுக்கணக்கில் இந்து அணிக்காக வீசியும் தலைமை தரப்படவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்த பிறகே துணைத்தலைமை கிடைத்தது. 1923இல் விட்டல் தலைவரானார்.

சாதி நம் உழைப்பை வாங்கிக்கொள்ளும்; கட்டளையிடும் இடத்தை நாம்தான் போராடிப் பெறவேண்டும்.